26-ஆ, 32-ஆ? பழைய எம்எக்ஸ்-5 காருக்கு டயரும் காற்றும்

கேள்வி இது. லண்டன் பக்கம் வசிக்கும் ஒருவர் 1992-ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறார். முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின், 14 அங்குலச் சக்கரம். நாலு டயரும் பழசு. டயர் கடையில் 15 அங்குலத்துக்கு மாறி 205 மி.மீ. அகல டயர் போடச் சொன்னார்களாம்; போகிற போக்கில் காற்றையும் 32 பிஎஸ்ஐ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ 26 என்று இருக்கிறது. எந்த டயர் வாங்குவது, எவ்வளவு காற்று வைப்பது, வருடத்துக்கு ஓரிரு தடவை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் என்ன மாற்றுவது என்று கேட்கிறார்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன், அதற்குக் காசு செலவில்லை. ஸ்டிக்கர் சொல்வதுதான் சரி: முன்னும் பின்னும் 26 பிஎஸ்ஐ, அதாவது 180 கிலோபாஸ்கல், டயர் குளிர்ந்திருக்கும்போது. இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. டயர் கடைக்காரர் கண்ணுக்கு 26 என்பது பாதி காற்று இறங்கிய டயர். அவர் கை பழகியது 1300, 1400 கிலோ எடையோடு ஐந்து பேரையும் டிக்கி நிறையப் பெட்டிகளையும் சுமக்கும் குடும்பக் கார்களுக்கு. உங்கள் வண்டி ஆயிரம் கிலோவுக்கும் கீழே. இருக்கை இரண்டே இரண்டு. டிக்கியில் இரண்டு பை வைத்தால் நிறைந்தது. இந்தக் காரின் டயர் விஷயம் முழுக்க அந்த எடைக் குறைவில்தான் இருக்கிறது. காற்றோ, அகலமோ, ரப்பரின் வகையோ, எதை முடிவு செய்யும்போதும் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த மாடலோடு வந்த டயரின் பக்கவாட்டில் 185/60 ஆர்14 82ஹெச் என்று இருக்கும்: 185 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், 14 அங்குலச் சக்கரம். 82 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அந்த 475, ஐரோப்பிய முறைப்படி 250 கிலோபாஸ்கல், அதாவது 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில். காற்றைக் குறைத்தால் தாங்கும் சுமையும் குறையும். அப்படி 26-க்கு இறக்கினாலும் ஒரு டயர் 350 கிலோவுக்கு மேல் தாங்கும். நாலுக்கும் சேர்த்து 1400. காரும் இரண்டு பேரும் பெட்ரோலும் பைகளும் சேர்ந்தால் 1150-ஐ ஒட்டித்தான் வரும், அதுவும் முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எந்த டயரும் திணறப் போவதில்லை. டயரின் பக்கவாட்டில் 44 அல்லது 51 பிஎஸ்ஐ அதிகபட்சம் என்று பொடி எழுத்தில் இருப்பதைச் சிலர் காட்டுவார்கள். அது அந்த டயர் தாங்கும் எல்லை. எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் காரைச் செய்தவர்தான் சொல்ல முடியும். தான் எந்தக் காரில் ஏறப் போகிறோம் என்று டயருக்குத் தெரியாது.

32-இல் ஓட்டினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் முதல் அரை மணி நேரம் நன்றாகவே தோன்றும். ஸ்டீயரிங் லேசாக இருக்கும், திருப்பியதும் மூக்கு சட்டென்று திரும்பும். பிறகு சாலை கொஞ்சம் மோசமானதும் வித்தியாசம் தெரியும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அதற்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. காற்று கூடக்கூட அந்த ஸ்பிரிங் விறைக்கிறது. கனமான காரில் எடையே அதை அழுத்தி வைத்துக்கொள்ளும். லேசான காரிலோ சக்கரம் ரப்பர் பந்து போல ஒவ்வொரு ஒட்டுச் சாலையிலும் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு இல்லை. வளைவில் நடுவழியில் ஒரு மேடு வந்தால் பின்பக்கம் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து நிற்பதை இந்தக் கார் ஓட்டுபவர்கள் அறிவார்கள். அதில் பாதிப் பழி தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர் மேல், மீதி கூடுதல் காற்றின் மேல். அதோடு 1992 மாடல்களில் பலவற்றில், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. ஈரச் சாலையில் பிரேக் மிதித்தால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் வெட்டுகள், நடுவில் மட்டும் தேய்வது கடைசியில் தெரியும் சேதம், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

சரி, குறைவாக இருந்தால் நல்லதா என்றால் அதுவும் இல்லை. 20-க்கு இறங்கினால் ஸ்டீயரிங் மந்தமாகும், டயரின் தோள் இரண்டும் தேயும், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். இங்கிலாந்து மழையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. 1960களில் நாசாவில் வால்டர் ஹோர்ன் விமான டயர்களை வைத்து ஆய்வு செய்து ஒரு சூத்திரம் தந்தார்: அழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சுமார் 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைலில் மிதக்கத் தொடங்கும் என்று வரும். அதன்படி 26 பிஎஸ்ஐக்கு 53 மைல், 20 பிஎஸ்ஐக்கு 46 மைல். கார் டயருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டன் ஆழம், டயர் அகலம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கும். ஆனால் எந்தப் பக்கம் போனால் ஆபத்து என்பது தெரிகிறது அல்லவா? மோட்டார்வேயில் மழை கொட்டும்போது காற்றுக் குறைந்த அகல டயரோடு 70 மைலில் போகும் லேசான காரில் நான் உட்கார மாட்டேன்.

குளிர்ந்த டயர் என்று சொல்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மூன்று மணி நேரமாவது ஓடாமல் நிழலில் நின்ற டயர்தான் குளிர்ந்த டயர். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் அந்தப் பக்கத்து இரண்டு டயரும் ஓரிரு பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மாலையில் கார் ஒரு பக்கம் இழுக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் இந்த அழுத்தத்தில் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். ஆகஸ்டில் 25 டிகிரியில் சரியாக 26 வைத்த டயர் டிசம்பரில் 5 டிகிரி காலையில் 23 காட்டும், ஓட்டை எதுவும் இல்லாமலேயே. ஆகவே மாதம் ஒருமுறை பாருங்கள், பருவம் மாறும்போது கட்டாயம் பாருங்கள். அளக்கும் கருவியைச் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்ரோல் பங்க் கருவிகளில் இரண்டு பிஎஸ்ஐ வரை பிசகு சகஜம். 40 வைக்கும் வேனுக்கு அது பெரிதில்லை, 26 வைக்கும் காருக்குப் பெரிது. நைட்ரஜன் நிரப்பலாமா என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் என்பதும் தற்செயல் இல்லை. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்து எடையைச் சமமாகப் பங்கிட்டதால் கிடைத்த வசதி அது. பின்னால் எஞ்சின் இருக்கும் கார்களில் கதையே வேறு. 1960-இல் வந்த ஷெவர்லே கோர்வேருக்கு முன்னால் 15, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று நிறுவனமே சொன்னது. பழக்க தோஷத்தில் நாலுக்கும் ஒரே அளவு ஏற்றியவர்களுக்கு வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வந்தது. 1980களின் போர்ஷே 911-இலும் முன்னைவிடப் பின்னால் ஐந்து பிஎஸ்ஐ அளவுக்குக் கூட வைக்க வேண்டும். லோட்டஸ் எலீஸில் டயர் அளவே முன்னும் பின்னும் வேறு. ஆக ஒரு காருக்குச் சொன்ன எண்ணை இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியாது, இரண்டுமே சின்ன ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும். எம்எக்ஸ்-5 குடும்பத்துக்குள்ளேயே மூன்றாம், நான்காம் தலைமுறைகளுக்கு 29 பிஎஸ்ஐ.

26-ஐ வைத்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு கை வைக்கலாம். புதுக் காலத்து டயர்களில் பக்கச்சுவர் சிலவற்றில் மெத்தென்று இருக்கும், சிலவற்றில் விறைப்பாக இருக்கும். மெத்தென்ற டயர் என்றால் 28 வரை போகலாம். விறைப்பான டயருக்கு 26-க்கு மேல் தேவையே இருக்காது. வளைவில் மூக்கு திரும்பாமல் நேராகப் போகப் பார்த்தால் முன்னால் ஒரு பிஎஸ்ஐ குறையுங்கள். பின்பக்கம் அடங்காமல் இருந்தால் பின்னால் ஒன்று குறையுங்கள். ஒரு சமயத்தில் ஒரு முனையில் மட்டும் மாற்ற வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டுக்கு மேல் வித்தியாசம் தேவைப்பட்டால் கோளாறு காற்றில் இல்லை, வீல் அலைன்மென்டிலோ சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷிலோ இருக்கிறது.

இனி அளவு. கடைக்காரர் சொன்ன 15 அங்குல யோசனையில் பாதி சரி, பாதி தப்பு.

சரியான பாதி: 185/60 ஆர்14 அளவில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் கிடைப்பது இன்று கஷ்டம். அந்த அளவு சின்னக் குடும்பக் கார்களின் அளவாகிவிட்டது. கிடைப்பதில் பெரும்பகுதி நீடித்து உழைக்கவும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கவும் செய்த டயர். 15 அங்குலத்தில் 195/50 அளவுக்கு மழை டயரிலிருந்து டிராக் டயர் வரைக்கும் எல்லாம் வருகிறது. அதைவிட முக்கியம், மொத்த விட்டம். 185/60 ஆர்14 டயரின் விட்டம் கணக்குப்படி 578 மி.மீ. 195/50 ஆர்15-க்கு 576. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதம் மாறாது, சுமைக் குறியீடும் அதே 82. இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் மஸ்டாவே இந்த அளவைப் போட்டு, அதே 26 பிஎஸ்ஐயையும் எழுதி வைத்தது. இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தப்பான பாதி, அந்த 205. 205/50 ஆர்15 போட்டால் விட்டம் 586 ஆகும். ஒன்றரை சதவீதம்தான், ஆனால் அந்த அளவுக்குக் கியர் நீளமாகிறது. 115 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சினுக்கு அது லாபமில்லை. அமெரிக்காவில் எம்எக்ஸ்-5-க்கு மியாட்டா என்று பெயர்; அங்கே ஸ்பெக் மியாட்டா என்ற பந்தயப் பிரிவில் 205/50 ஆர்15-தான் போடுகிறார்கள், அதனால் அதுதான் சிறந்தது என்று ஒரு வாதம் உண்டு. அவர்கள் 7 அங்குல அகல ரிம்மில், பந்தய ரப்பரில், இருபது நிமிடம் விடாமல் விரட்டி டயரைச் சூடாக்குகிறார்கள். நீங்கள் கிராமத்துச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டும்போது ஆயிரம் கிலோ கார் அகல டயரைச் சூடாக்கவே செய்யாது. சூடேறாத அகல டயரைவிடச் சூடேறிய ஒடுக்க டயருக்குப் பிடிப்பு அதிகம். அதோடு அகலம் கூடினால் ஸ்டீயரிங் கனக்கும், சாலையின் பள்ளத் தடத்தில் சக்கரம் தானாக இழுக்கும், தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸைப் பாருங்கள். இங்கிலாந்தின் வளைவுச் சாலைகளுக்கென்றே பிறந்த அந்தக் காரின் முன் டயர் அகலம் 185 மட்டுமே. அடுத்த தலைமுறையில் அதை இன்னும் ஒடுக்கி 175 ஆக்கினார்கள். எடை குறைந்த காருக்கு எவ்வளவு ரப்பர் போதும் என்பது தெரிந்தவர்கள் அவர்கள்.

16 அங்குலத்தில் 195/45 போடலாம், விட்டம் 582 வரும். அழகுக்கு வேண்டுமானால் சரி. ஆனால் அந்த அளவில் 84 என்ற குறியீட்டோடு கூடுதல் சுமை வகை டயர்கள் நிறைய. அவை 250-க்குப் பதில் 290 கிலோபாஸ்கலில்தான் முழுச் சுமையைத் தாங்கும், அதனால் 26-இல் நிறுத்தாமல் 28 வைப்பது நல்லது. 17 அங்குலம் இந்தக் காருக்கு வேண்டாம். அதைப் பற்றி எழுதவும் விருப்பமில்லை.

சக்கரத்தின் எடையையும் பாருங்கள். இந்தக் காரோடு வந்த ஏழு ஆரம் கொண்ட 14 அங்குல அலாய் வீல் ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மலிவு விலை 15 அங்குல வீல் எட்டு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். லேசான காரில் ஒரு சக்கரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்றினால் அது மேடு பள்ளத்தில் கையில் தெரியும். ஆகவே 15-க்குப் போனால் எடை குறைந்த வீலாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் 14-லேயே இருந்துவிடுவது மேல். போல்ட் வட்டம் 4x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட்; நடு ஓட்டை 54.1 மி.மீ. அசல் வீல் ஐந்தரை அங்குல அகலம்; ஆஃப்செட், அதாவது மாட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம், 45 மி.மீ. 15 அங்குலத்துக்கு ஆறரை அங்குல அகலமும் 35 முதல் 40 வரை ஆஃப்செட்டும் இருந்தால் மட்கார்டில் உரசாமல் உட்காரும். நடு ஓட்டை பெரிதாக இருக்கும் வீல் என்றால் சரியான வளையம் போட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் 60 மைல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாது. இங்கிலாந்தில் வீல் அளவை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எந்த டயர் என்பதற்கு வருகிறேன். வேகக் குறியீடு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240. உங்கள் காரின் உச்ச வேகம் 195-ஐ ஒட்டியது, ஹெச் போதும். வி கிடைத்தாலும் நல்லதே. டபிள்யூ, ஒய் என்று மேலே போகப்போகப் பெரும்பாலும் பக்கச்சுவர் விறைப்பாகிறது, அது உங்களுக்கு உதவாது.

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். அமெரிக்க அரசின் தர முறை அது. டெக்சாஸில் சான் ஏஞ்சலோ என்ற ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில் ஓட்டி, ஒரு பொது டயரோடு ஒப்பிட்டு, எவ்வளவு மெல்லத் தேய்கிறது என்று பார்ப்பார்கள். எண் சிறிதானால் ரப்பர் மென்மையானது, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்பது பொது வழக்கு. ஆனால் எண்ணை முத்திரை குத்துவது டயர் நிறுவனமே. அமெரிக்கப் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே இருக்கும் டயருக்கு அனுமதி இல்லை என்று விதி வந்ததும், பந்தய ரப்பரைப் போல ஒட்டும் டயர்களிலெல்லாம் 200 என்ற எண் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே 200 என்று எழுதிய இரண்டு டயர் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஆண்டு முழுக்கச் சாலையில், எப்போதாவது டிராக்கில் என்றால் என் தேர்வு நல்ல மழை டயர்தான். யூனிராயல் ரெயின்ஸ்போர்ட் இந்தக் கார்க்காரர்களிடம் பிரபலம், காரணம் உண்டு: ஈரத்தில் அது காட்டும் பிடிப்பு, விலைக்குக் கிடைக்கும் ஆச்சரியம். குறையும் உண்டு. பக்கச்சுவர் மெத்தென்றது, கோடை வெயிலில் ஸ்டீயரிங் கொஞ்சம் குழைவாக இருக்கும். அதற்குத்தான் 28 பிஎஸ்ஐ. அந்தக் குழைவு பிடிக்கவில்லை என்றால் டோயோ, யோகோஹாமா நிறுவனங்களின் சாலை ஸ்போர்ட்ஸ் டயர்களைப் பாருங்கள். பெயர் தெரியாத மலிவு டயரை இந்தக் காரில் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2265 மி.மீ. வீல்பேஸ், பின் சக்கர இயக்கம், எலெக்ட்ரானிக் துணை எதுவும் கிடையாது. ரவுண்டானாவில் மழை நாளில் இரண்டாம் கியரில் கொஞ்சம் மிதித்தால் பின்பக்கம் எப்படிப் போகும் என்பதை அந்த டயர்தான் தீர்மானிக்கும். நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் நாலு டயருக்குச் சேர்த்து நூறு, நூற்றைம்பது பவுண்டு வித்தியாசம் வந்தால் யோசிக்காமல் கொடுங்கள். எக்ஸாஸ்டை மாற்றுவதற்கு வைத்திருக்கும் பணம் இருக்குமே, அது.

குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுவீர்கள் என்றால் ஆல் சீசன் டயர் நல்ல யோசனை. மூன்று மலைமுகடும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். ட்ரெட்வேர் 200 வகை டயர்கள் இன்னும் மோசம், ஜனவரி காலையில் அவை பிளாஸ்டிக்காக நடந்துகொள்ளும்.

டிராக்குக்கென்றே இரண்டாவது செட் வைக்க வசதி இருந்தால் 15 அங்குலத்தில் நான்காங் என்எஸ்-2ஆர், யோகோஹாமா அட்வான் நியோவா, டோயோ ஆர்888ஆர் என்று வரிசை இருக்கிறது. இவற்றில் ஆர்888ஆர் காய்ந்த டிராக்கில் அபாரம், குளிர்ந்த ஈரச் சாலையில் கை கொடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு மழையில் வீடு திரும்புவது தனி அனுபவம். ஆனால் முதல் வருடத்துக்கு இரண்டாவது செட் வாங்காதீர்கள். சாதாரணச் சாலை டயரில் டிராக் ஓட்டினால் அது சீக்கிரமே கிறீச்சிட்டு நழுவும், மெல்ல நழுவும், நழுவப் போவதை முன்கூட்டியே சொல்லும். ஓட்டக் கற்றுக்கொள்ள அதுதான் வேண்டும்.

டிராக்கில் காற்று வைக்கும் முறை சாலைக்கு நேர் எதிர். சாலையில் குளிர்ந்த அழுத்தம்தான் கணக்கு. டிராக்கில் சூடான அழுத்தம்தான் கணக்கு. நாலைந்து சுற்று வேகமாக ஓட்டினால் அழுத்தம் ஐந்து, ஆறு பிஎஸ்ஐ ஏறிவிடும். காலையில் 24 வைத்துக் கிளம்புங்கள். ஓட்டி வந்து நிறுத்திய உடனே, டயர் ஆறுவதற்குள், நாலையும் அளந்து 28 முதல் 30-க்குள் வரும்படி இறக்குங்கள். வலப்பக்க வளைவுகள் அதிகம் உள்ள டிராக்கில் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடேறும், அவற்றிலிருந்து அதிகம் இறக்க வேண்டிவரும். டிராக் டயர்கள் சிலவற்றுக்கு இதைவிடக் கூடுதல் அழுத்தம் தேவை. அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சூடான அழுத்தத்தையே இலக்காக வையுங்கள்.

டயரின் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் ஒன்று கிடைத்தால் டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் வெப்பநிலை பாருங்கள். நடு அதிகம் சூடானால் காற்று அதிகம், நடு குறைவாக இருந்தால் காற்று போதவில்லை. உள் ஓரம் வெளி ஓரத்தைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது, வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வெளி ஓரம்தான் கொதிக்கிறது என்றால் கேம்பர் போதாது, அதைக் காற்றால் சரிக்கட்ட முடியாது. கருவி இல்லாவிட்டால் சாக்பீஸ் போதும்: டயரின் தோளிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள், எந்த அளவு மடங்கி உரசியது என்று அழிந்த கோடு சொல்லும். பக்கச்சுவரில் வெகுதூரம் அழிந்திருந்தால் காற்று குறைவு. கிளம்பும் முன் டயர் ஆறியதும் மறுபடி 26 ஏற்றுங்கள். சூட்டில் இறக்கிய டயர் மறுநாள் காலை 21, 22 காட்டும். அதோடு மோட்டார்வேயில் ஏறக் கூடாது.

அலைன்மென்ட் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் காரில் முன்னும் பின்னும் கேம்பர், டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) இரண்டையும் திருத்தலாம், அந்தக் காலத்தில் இது அரிய வசதி. ஆனால் இங்கிலாந்து உப்புச் சாலையில் முப்பது வருடம் ஓடிய காரில் அந்தத் திருத்தும் போல்ட்கள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். புது டயர் மாட்டும் நாளுக்கு முன்பே அவை திரும்புகின்றனவா என்று ஒரு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பாத போல்ட்டோடு புது டயர் போட்டால் ஆறு மாதத்தில் உள் ஓரம் மொட்டையாகி நிற்கும்.

வாங்கும்போது டயர் பிறந்த தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் இருக்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் அது: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். இந்த மாதிரிக் கார்கள் வருடத்துக்கு மூவாயிரம் மைல்கூட ஓடுவதில்லை. பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடுகிறது. பட்டன் நன்றாக இருக்கும் பத்து வயது டயரைவிடப் பாதி தேய்ந்த இரண்டு வயது டயர் மேல். சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும், அதற்குக் கீழே போனால் இங்கிலாந்தில் டயர் ஒன்றுக்கு 2500 பவுண்டு வரை அபராதமும் மூன்று தண்டனைப் புள்ளியும் உண்டு. ஆனால் 3 மி.மீ.-க்குக் கீழே போனதுமே மழைப் பிடிப்பு வேகமாகச் சரியும், நான் அங்கேயே மாற்றிவிடுவேன். நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். முடியாமல் இரண்டு மட்டும் என்றால் புதியவை பின்னால் போகட்டும். ஒரே அச்சில் இரண்டு வகை டயர் வேண்டவே வேண்டாம். உங்கள் காரில் லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (பின் சக்கரம் ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் பின்னால் தேய்மானம்கூட ஒத்துப்போக வேண்டும்.

புது டயர் முதல் நூறு மைலுக்கு வழுக்கும், வார்ப்பு அச்சிலிருந்து டயரை எடுக்கப் பூசிய பூச்சு போகும் வரை நிதானம் வேண்டும். வீல் நட்டுகளைக் கடையில் ஏர் கன்னால் இறுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்தி, டார்க் ரெஞ்ச்சால் 90 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்குங்கள், ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். அப்புறம் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி. அது ஒல்லியான தற்காலிக டயர், அதற்கு மட்டும் 60 பிஎஸ்ஐ வேண்டும். அதன் தேதியையும் பாருங்கள். இந்தக் கார்களில் பலவற்றில் அது தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கிறது, அப்படியென்றால் அதற்கு முப்பது வயது தாண்டியிருக்கும். நம்பி மாட்டாதீர்கள், பஞ்சர் கிட் ஒன்று வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள்.